அழுத பிள்ளை

பஸ் வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டிருந்தாள். வராவிட்டால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், வண்டியே வரலீங்க என்று புருஷன் லோகநாதனிடம் சொல்லிக்கொள்ளலாம், அவனும் அதனாலென்ன, லோடு இறக்கிட்டு வந்து ஞாயித்துக்கிழமை நானே பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன் என்பான், அத்தோடு போச்சு. காலையிலும் அவன் அதைத்தான் சொன்னான். வேண்டாம், நான் போறேன், நான்தான் போகணும் என்று சொன்னது இவள். சொன்ன வாய் எது, இப்போது இப்படி வறண்டு கிடக்கிற இதே வாய்தானா. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஒன்றாம் வகுப்பு, கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ். காலைப் போட்டுப் பார்த்து வாங்குகிற சாமான், பிள்ளையை விட்டுவிட்டுப் போய் வாங்க முடியாது. பிள்ளையோடு போக வேண்டும், பிள்ளையோடு கரூர் டவுனுக்கு, அத்தனை ஜனத்துக்கு நடுவில். புளியமரத்து நிழலில் நின்ற மற்றப் பெண்கள் எல்லோரும் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தார்கள், அத்தனை பேரும் வர வேண்டும் என்று நினைக்கிற பஸ்ஸை இவள் ஒருத்தி நினைப்பு தடுத்துவிடுமா என்ன. மிதுனாவின் கையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. இறுக்கிப் பிடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், விட்டுப் பிடித்தால் பிள்ளை ரோட்டில் இறங்கிவிட்டால் என்ன ஆவது. ஐந்து வருஷமாகப் பிடித்த கை. மாசி மாதத்துக்கு முன்பு இதை யோசித்திருப்பாளா, நடக்கிறபோது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யாராவது யோசிப்பார்களா, யோசித்தால் தடுக்கித்தான் விழ வேண்டும். கடைசியில் ஒரு விரலை மட்டும் நீட்டினாள். மிதுனா அதைப் பற்றிக்கொண்டாள், எதுவும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் எதுவும் கேட்பதில்லை.

பஸ் வந்துவிட்டது. பெண்களுக்குக் காசு இல்லாத டவுன் பஸ், அதனால் ஏறுகிறவர்கள் எல்லாம் பெண்களாகத்தான் இருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது இவள் முகத்தைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தாரா, இல்லை பின்னால் நின்றவளைப் பார்த்தாரா. எல்லோரும் பார்க்கத்தான் செய்வார்கள். பிள்ளை பிறந்த அன்றைக்கே பார்த்தார்கள். லோகநாதனின் அம்மாவைக் கொண்டு பிறந்துவிட்டது, எலுமிச்சம்பழ நிறம், போதாததற்குப் பூனைக்கண். இவளோ அடுப்புக்கரி. ஆஸ்பத்திரியில் நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கும்போதே, நல்லாப் பாத்துக்க கண்ணு, உம்புள்ளதானா, மாத்திக் குடுத்துட்டேன்னு நாளைக்கு வந்து நிக்காத என்று சொல்லிச் சிரித்தாள். இவளும் தையல் வலியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அது சிரிப்பாக இருந்தது. தெருவில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், ஏ கோகிலா, காக்கா கூட்டுல குயில் முட்டை வெச்சாப்ல இருக்குதே என்று. அதற்கும் சிரித்தாள். அந்தப் பேச்சுக்குள் ஒரு நாள் அடி இருக்கும் என்று யாருக்குத் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியாது. ஜன்னலோரத்தில் மிதுனாவை உட்காரவைத்துவிட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர் வரிசையில் முருங்கைக்காய்க் கட்டை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு தடித்த ஒரு அம்மாள், அவளுக்குப் பின்னால் ஆபீஸ் பையோடு ஒரு ஆள், அவன் கையில் போன். போன் இல்லாத கை ஏது. முன் சீட்டில் ஒருத்தி, அதற்கு முன் சீட்டில் இருவர், குனிந்த தலைகளுக்குக் கீழே கட்டைவிரல்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன, அந்த விரல்களில் எதன் அடியிலோ தன் முகம் இப்போதும் நகர்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் வந்தது குரல்தான். தலையணை உறை தைக்கிற கம்பெனியில் அவளோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸப் குரூப்பில் யாரோ போட்டது. யாரோ போட்டதை யாரோ போட்டது. ஒரு பெண்ணின் குரல், நடுங்குகிற குரல், அன்பான தாய்மார்களே இது பொய் இல்லை, எங்க தெருவுலயே நடந்துருக்கு, வெளியூர்லருந்து ஒரு கூட்டம் இறங்கியிருக்கு, பொம்பளைங்கதான், பாத்தா சாதாரணமா நம்மள மாதிரியேதான் இருப்பாங்க, புள்ளைங்க கைய விட்டுறாதீங்க. எந்தத் தெரு என்று அந்தக் குரல் சொல்லவில்லை. கேட்ட எல்லோருக்கும் அது பக்கத்துத் தெருவாகத்தான் இருந்தது. இடைவேளையில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து அதை மறுபடி மறுபடி கேட்டார்கள். அந்தம்மா அழுவுறா பாரு, பொய் சொல்றவ அழுவாளா என்று ஒருத்தி சொன்னாள். கோகிலவாணியும் நம்பினாள். நம்பினதால்தான் அந்த வாரச்சந்தையில் மிதுனாவின் கையை அப்படி இறுக்கிப் பிடித்தாள், அதுதான் நினைக்க நினைக்க மாளாதது, சுற்றிச் சுற்றி மனசு அங்கேதான் போய் முள்ளில் மாட்டின சேலைமாதிரி நிற்கிறது. பிள்ளை பிடிக்கிறவள் வருவாள் என்று பயந்து பிடித்த பிடி. வலித்த பிள்ளை கையை உதறியது, போதாததற்குக் காத்தாடி வேண்டும் என்றது, ரோஸ் கலர்க் காத்தாடி, வேண்டாம் வா என்று இழுத்தாள், தரையில் உட்கார்ந்து புரண்டது, போ, நீ எங்கம்மா இல்ல போ என்று கத்தியது. கோபம் வந்தால் எல்லாப் பிள்ளையும் சொல்கிறதுதான். அப்பனிடம் கோபம் என்றால் நீ எங்கப்பா இல்ல என்னும், பூனையிடம் கோபம் என்றால் நீ எங்க பூனை இல்ல என்னும்.

ஏம்மா, யாரு குழந்த இது? வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் கேட்டான். முதலில் மரியாதையாகத்தான் கேட்டான். எம்பொண்ணுங்க. உம்பொண்ணா, நெறத்தப் பாத்தா அப்பிடித் தெரியலயே. அவ்வளவுதான், அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பாப்பா, இது யாரு சொல்லு, உங்கம்மாவா என்று குனிந்து கேட்டார்கள், நாலு பக்கமும் முகங்கள், மிதுனா வாயைத் திறக்கவில்லை, பயத்தில் அவளுக்குப் பேச்சே எழும்பவில்லை. பாத்தியா, புள்ள இல்லன்னுதான் சொல்லுச்சு, நாங் கேட்டேன் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். முதல் அடி கன்னத்தில் விழுந்ததா முதுகில் விழுந்ததா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வெங்காயம். பையிலிருந்து கொட்டி உருண்டு ஓடின சின்ன வெங்காயத்தை ஆட்கள் மிதிக்கிறார்கள், மிதிபடுகிறதே, மிதிபடுகிறதே என்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கைகள், பாதிக் கை அடித்தது, பாதிக் கை போனைப் பிடித்திருந்தது. போலீஸ் வந்தது, ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் கிழிந்த ஜாக்கெட் கைக்குத் தன் சட்டையிலிருந்து ஊக்கை எடுத்துக் கொடுத்தாள், லோகநாதன் ரேஷன் கார்டோடு ஓடிவந்தான், பொழுது சாய்வதற்குள் இவள்தான் தாய் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எல்லோருக்கும் என்றால் ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கு. அதற்குள் சந்தையில் யாரோ போனில் எடுத்த துண்டு வீடியோ திருச்சியைத் தாண்டி, மெட்ராஸைத் தாண்டி, துபாயில் இருக்கிற லோகநாதனின் சித்தப்பா மகனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அவன் அதை லோகநாதனுக்கே அனுப்பி, அண்ணா உங்க ஊராமே, பாப்பாவப் பத்திரமாப் பாத்துக்கங்க என்று எழுதியிருந்தான்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மிதுனாவின் நெற்றி ஜன்னல் கம்பியில் 'ணங்'கென்று இடித்தது. கோகிலவாணி பதறிக்கொண்டு தேய்த்துவிட்டாள். வலிக்குதா சாமி? இல்லை என்று தலையாட்டினாள். வலித்திருக்கும். கண்ணில் நீர் வந்து நின்றுவிட்டது, விழவில்லை. மாசியிலிருந்து இப்படித்தான். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தாலும் அழுவதில்லை, ஊசி போடும்போது அழவில்லை, டாக்டர்கூட என்ன தைரியமான பாப்பா என்று மிட்டாய் கொடுத்தார். பால்வாடி டீச்சர் மிதுனாவைப் பாத்து எல்லாரும் கத்துக்கோங்க என்றாளாம். ஒரு நாள் குளிப்பாட்டும்போது சோப்பு கண்ணில் பட்டுத் துடித்துப்போன பிள்ளை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. அழுடி, வலிச்சா அழு என்றாள் இவள். பிள்ளை ரகசியம் சொல்கிறமாதிரி சொன்னது, அழுதா உன்ன அடிப்பாங்க. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோகிலவாணி அன்றைக்கு வெகுநேரம் வெளியே வரவில்லை. வாங்கின அடி ஆறிவிட்டது, முதுகில் கன்றிப்போன இடம்கூடத் தெரியவில்லை. பிள்ளைக்குள் போன அடிக்கு எங்கே மருந்து தடவுவது.

பேப்பரில் தர்ம அடி என்று போட்டிருந்தார்கள். குழந்தை கடத்த முயன்ற பெண்ணுக்குத் தர்ம அடி. அந்தச் சொல்லை அவள் அதற்கு முன்பு எத்தனை தடவை வாசித்திருப்பாள், டீக்கடையில் மாட்டியிருக்கிற வால்போஸ்டரில், வடை மடித்த காகிதத்தில். செயின் பறித்தவனுக்குத் தர்ம அடி, குடிகாரனுக்குத் தர்ம அடி. வாசிக்கும்போது உள்ளே சின்னதாக ஒரு திருப்தி வரும், நல்லா வேணும். தர்மம் என்றால் கோயில் வாசலில் போடுகிறது, தண்ணீர்ப் பந்தல் வைக்கிறது. அடிக்கு யார் அந்தப் பெயரை வைத்தது, வைத்தவன் ஒரு தடவையாவது கூட்டத்துக்கு நடுவில் கீழே கிடந்திருக்கிறானா. ரெண்டு நாள் கழித்து அதே பேப்பரில், உள்பக்கத்தில், போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே, சம்பந்தப்பட்ட பெண் அக்குழந்தையின் தாய் என்பது விசாரணையில் தெரியவந்தது என்று எறும்பு ஊருகிறமாதிரி நாலு வரி. சொன்னதைப் பெரிசாகவும், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பதைச் சின்னதாகவும் சொல்லுகிற பழக்கம் மனுஷர்களுக்கும் உண்டுதான். டிவியில் இவள் முகத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, சிக்கினாரா கடத்தல்காரி என்று கேள்விக்குறி வைத்திருந்தார்கள். கேள்விதானே கேட்டோம் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், கேட்டவர்கள் காதில் விழுகிறது கேள்வியா, பதில்தான். வீட்டுக்கார அம்மா பாக்கியத்தக்கா நல்லவள், ஏழு வருஷமாக மாடியும் கீழுமாக இருக்கிறவள், மிதுனாவுக்கு முதல் சோறு ஊட்டினவள். அவள் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு உன்னத் தெரியாதாடி, ஆனா டிவில வட்டம் போட்டுக் காட்டுனப்ப ஒரு நிமிசம் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு கோகிலா, சாமி சத்தியமா ஒரே நிமிசந்தான். மனசில் வைத்துக்கொள்ளாமல் சொன்னாள், சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் கோகிலவாணிக்குள் நின்றுபோன கடிகாரம்மாதிரி அப்படியே இருக்கிறது. ஆனால் யாரைக் குற்றம் சொல்ல. அந்த வீடியோவை முதல் தடவை லோகநாதன் சத்தம் வைக்காமல் காட்டியபோது, கறுப்பாக ஒருத்தி ஒரு வெள்ளைக் குழந்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறாள், குழந்தை கதறுகிறது, அந்த ஒரு கணம், தான்தான் அது என்று மூளைக்கு எட்டுவதற்கு முந்தின கணம், அடிப்பாவி, பிள்ளையை இப்படி இழுக்கிறாளே என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

அப்புறம் காற்று திரும்பிவிட்டது. அது இன்னும் வேடிக்கை. அப்பாவித் தாய், கண்ணீர் விட்ட தாய், நிறத்தைப் பார்த்து அடித்த கொடூரம் என்று வேறு தலைப்புகள் வந்தன. மைக்கை நீட்டிக்கொண்டு வந்த பெண், வயசு இருபத்தைந்து இருக்கும், நல்ல பெண்தான், அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு என்று கேட்டாள். வெங்காயம் என்று எப்படிச் சொல்வது. கொஞ்சம் அழுதீங்கன்னா நல்லா இருக்கும்மா என்று கேமராக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்தாநாள் வரை நாயே பேயே என்று எழுதினவர்கள் இருதயம் போட்டார்கள், கைகூப்பினார்கள், எங்கள் தாயே என்றார்கள். முகம் தெரியாதவர்கள் வைதார்கள், முகம் தெரியாதவர்களே கொண்டாடினார்கள், ரெண்டிலும் இருந்தது வேறு யாரோ ஒருத்தி. இவளுக்கு அந்த இரண்டு பேரையும் பழக்கமில்லை. ரசத்தில் புளி கூடிப்போகிறவள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவள், கோபம் வந்தால் பிள்ளையை ஒரு அடி வைத்துவிட்டு அப்புறம் பக்கத்தில் படுத்துக்கொண்டு தடவுகிறவள், இவளைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. ஆனால் ஒருத்தராவது, ஏம்மா என்னதான் நடந்துச்சு, நீயே சொல்லு என்று உட்கார்ந்து கேட்டிருந்தால் தேவலை. இத்தனை லட்சம் பேர் பார்த்தார்களாம், கேட்டவர் ஒருத்தரும் இல்லை.

எதிர் வரிசை அம்மாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது நினைப்பு இல்லை, நிஜமாகவே பார்க்கிறாள். முருங்கைக்காய்க் கட்டுக்கு மேலே தாடையை வைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறமாதிரி. கோகிலவாணி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். இறங்கிவிடலாமா, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்று திரும்பிவிடலாமா. பைக்குள் மிதுனாவின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ இருக்கிறது, இப்போதெல்லாம் கடைக்குப் போனாலும் பையில் அதுகள் உண்டு, பெற்ற பிள்ளைக்கு ரசீது. எடுத்துக் காட்டுவதற்கு நேரம் கொடுப்பார்களா. ரயில்வே கேட் போட்டிருந்தது, பஸ் நின்றுவிட்டது, இஞ்சினை அணைத்ததும் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளரிக்காய் விற்கிற பெண் ஜன்னலோரமாக வந்து, நீளவாக்கில் கீறி மிளகாய்ப்பொடி தடவின பிஞ்சுகளை நீட்டினாள். மிதுனா அதைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். பிறகு மெதுவாக, மாசிக்கப்புறம் வெளியிடத்தில் முதல் தடவையாக, அம்மா அது என்றாள். அந்த அது என்கிற சொல்லுக்காகக் கடையையே வாங்கலாம்போல இருந்தது. வாங்கினாள். மிதுனா இரண்டு கையாலும் பிடித்து நுனியில் ஒரு கடி கடித்தாள், காரத்துக்கு உஸ்ஸென்றாள், காற்று படட்டும் என்று வாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கேட் திறந்தது. டிரைவர் வண்டியை வெடுக்கென்று எடுத்தார். வெள்ளரிக்காய் கை நழுவி ஜன்னல் வழியாக ரோட்டில் விழுந்து, பின்னால் வந்த வேனின் சக்கரத்தில் நசுங்கிற்று.

மிதுனா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கி நடுங்கியது. அடக்குகிறாள், அடக்கிவிடுவாள் என்று கோகிலவாணி நினைப்பதற்குள் அடைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக உடைந்தது. மூன்று மாதத்து அழுகை, முட்டிக்கு அழாதது, ஊசிக்கு அழாதது, சோப்புக்கு அழாதது எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சுக்காக வந்தது. காலை உதைத்தாள், இருக்கையிலிருந்து வழிந்து தரையில் உட்கார்ந்தாள், எனக்கு அதுதான் வேணும், அதுதான் வேணும். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தலைகள், தலைகள், அதே தலைகள், அதே வெயில். ஆபீஸ் பைக்காரனின் கை மேலே எழுந்தது, கையில் போன், போனின் கண் இவர்களைப் பார்த்தது. கோகிலவாணியின் உள்ளங்கை அவளைக் கேட்காமலே போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்திற்று. பொத்தின கைக்கு மேலே இரண்டு பூனைக்கண்கள் அவளைப் பார்த்தன. அன்றைக்கு அடித்த கூட்டத்தில் ஒருத்தர் முகத்தைக்கூட இந்தப் பிள்ளை அப்படிப் பார்த்ததில்லை. சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோலக் கையை எடுத்தாள். எடுத்ததும் அழுகை மறுபடி பீறிட்டது, காதைக் கிழித்தது. எந்தக் காலத்திலும் இவ்வளவு நல்ல சத்தத்தை அவள் கேட்டதில்லை.

"ஏம் அம்மிணி, புள்ளய இப்பிடிக் கதறவுட்டுட்டு உக்காந்துருக்கற?" முருங்கைக்காய் அம்மாள்தான். "ஆமா, உன்ன எங்கியோ பாத்தாப்லயே இருக்குது. அப்பருந்து ரோசன பண்றேன், புடிபட மாட்டேங்குது. எந்த ஊரு நீயி?"

பொய் நாக்கு நுனிக்கு வந்தது. குளித்தலைப் பக்கமுங்க, நீங்க வேற யாரயாச்சும் பாத்திருப்பீங்க. அந்தப் பொய்க்கு ஏழெட்டு வார்த்தைகூட வேண்டாம். ஆனால் கீழே பிள்ளை வாய்விட்டு அழுகிறது, பயப்படாமல் அழுகிறது, இவள் மேலே உட்கார்ந்து பயந்துகொண்டு ஒளிவதா. எழுந்து நின்றாள், கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"டிவில பாத்திருப்பீங்க. இல்லாட்டிப் போன்ல பாத்திருப்பீங்க. மாசி மாசம் சந்தையில புள்ளை புடிக்கிறவன்னு ஒருத்தியப் போட்டு அடிச்சாங்களே, அது நாந்தானுங்க. இது எம்பொண்ணு. பேரு மிதுனா. அன்னைக்குக் காத்தாடி கேட்டு அழுதா, இன்னைக்கு வெள்ளரிக்கா கீழ வுழுந்துருச்சுன்னு அழுவுறா. அவ்வளவுதான் நடந்தது." பிறகு ஆபீஸ் பைக்காரனைப் பார்த்தாள். "எடுக்கறீங்களா? எடுங்க. வேண்டாங்கல. ஆனா முழுசா எடுங்க. இப்ப நாஞ் சொன்னது, அவ எதுக்கு அழுவுறா, இன்னுஞ் செத்த நேரத்துல எப்பிடி நிறுத்தறா, எல்லாத்தையும் எடுங்க. பாதியில நிறுத்தீராதீங்க."

அந்த ஆளின் முகம் கறுத்துப்போயிற்று. "இல்லீங்க்கா, சும்மா, கை பழகிப்போச்சு..." என்று போனைத் தாழ்த்தினான். தாழ்த்தின போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான். கோகிலவாணி இன்னும் கம்பியை விடவில்லை. சொல்லிவிட்டோம், சொல்லியாயிற்று, இனி என்ன வருமோ. முருங்கைக்காய் அம்மாள் அவளைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அட, அது நீதானா!" என்றாள். "அதெல்லாம் பொறவு பேசிக்கலாம். மொதல்ல புள்ளைக்குத் தண்ணி குடு. காரந் தின்ன வாயி, எரியுமல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஆளுக்கொரு பேச்சு கிளம்பிற்று. வெயில் ஏறிருச்சு, அதான் சிணுங்குது என்றாள் ஒருத்தி. பசியா இருக்கும், காலைல என்ன குடுத்த என்றாள் இன்னொருத்தி. இட்லிங்க. இட்லி எந்த மூலைக்கு. கண்ணு பட்டிருக்கும், முழி எம்புட்டு அழகா இருக்குது பாரு, சுத்திப் போடு என்றாள் கடைசி சீட்டுக்காரி. அடம், வேறொண்ணுமில்ல, எம்பேரன் இதுக்கு மேல என்று ஒரு குரல். டிரைவரத்தான் சொல்லோணும், இப்பிடியா வண்டிய எடுக்கறது என்று ஒரு குரல். கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், ஏனுங்க, வெள்ளரிக்காயப் பாத்துக்கிட்டே நான் ஓட்ட முடியுமா என்று முன்னாலிருந்து கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது, எல்லாமே தப்பாகக்கூட இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள், அவளும் இல்லீங்க, ஆமாங்க என்று பதில் சொன்னாள், அதற்கு அவர்கள் அப்பிடியா என்றார்கள். ஜனங்கள் என்றால் இதுதானே. இதே ஜனங்கள்தானே. அன்றைக்குச் சந்தையில் இருந்தவர்களில் இரண்டு பேர் இந்த பஸ்ஸிலேயே இருக்கலாம், இன்றைக்கு முறுக்கு எடுத்து நீட்டுகிற கை அன்றைக்கு என்ன செய்ததோ. நாளைக்கு இன்னொரு குரல் வரும், அன்பான தாய்மார்களே என்று நடுங்கும், வராமல் இருக்காது. அதை இந்த பஸ்ஸில் எத்தனை பேர் நம்புவார்களோ. ஒருத்தியாவது, இரு, அந்தப் பொம்பளையையே கேட்டுப் பாத்துருவோம் என்று சொல்லமாட்டாளா. வெள்ளரிக்காய்க்காரி என்று இவளை ஞாபகம் வைத்திருக்கிற ஒருத்தி. சொல்லுவாள் என்று தோன்றிற்று. ஏன் அப்படித் தோன்றிற்று என்று கேட்டால் கோகிலவாணியால் சொல்ல முடியாது, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கிறபோது கை நடுங்கவில்லை, அது ஒன்றுதான் காரணம்.

மிதுனா தண்ணீர் குடித்தாள், விக்கினாள், மறுபடி அழுதாள். "வர்றியா சாமி, எங்கூட வந்துர்றியா? எங்க ஊட்டுல வெள்ளரித் தோட்டமே இருக்குது, உங்கம்மாவ இங்கியே வுட்டுட்டுப் போயிரலாம்" என்று முருங்கைக்காய் அம்மாள் கையை நீட்டினாள். மிதுனா அந்தக் கையைத் தட்டிவிட்டுவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சேலையில் மூக்கைத் துடைத்தாள். "அதான பாத்தேன், விட்டுருவியா நீயி" என்று அந்த அம்மாள் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். இறங்கும்போது இரண்டு முருங்கைக்காயை உருவிக் கோகிலவாணியின் பையில் சொருகினாள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. ஒரு காலத்தில் இப்படி ஒரு பிள்ளை அழுதால் அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கியிருப்பாள். இப்போது மெதுவாகத்தான் நடந்தாள். ஆட்கள் எதிரே வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக விசும்பலாகித் தேய்ந்தது. செருப்புக் கடையில் ஸ்டூலில் உட்காரவைத்ததும், சுவரில் தொங்கியவற்றை மிதுனா ஈரக் கண்ணோடு மேலும் கீழும் பார்த்தாள். கடைக்காரர் கறுப்பு ஷூவை எடுத்துக் காலருகே வைத்தார்.

"எனக்குக் கறுப்பு வேண்டாம். அந்தச் செவப்புதான் வேணும்."

"பள்ளிக்கூடத்துல கறுப்புத்தான் போடச் சொல்லியிருக்காங்க கண்ணு."

மிதுனா யோசித்தாள். கடைக்காரரைப் பார்த்தாள், வாசலில் போகிற வருகிற ஜனத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் அழுவேன்."

"அழு" என்றாள் கோகிலவாணி.